விசையழுத்த இயக்கவியல்

விசையழுத்த இயக்கவியல் என்பது ஒருவர் விசைப்பலகையில் தட்டச்சு செய்யும் தாளத்தைக் கொண்டு அவரை அடையாளம் காணும் நடத்தைசார் உயிரியளவியல் முறையாகும். இணையதள உள்நுழைவில் கடவுச்சொல் சரியா என்பதோடு, அதைத் தட்டச்சு செய்பவர் கணக்கின் உரிமையாளரா என்பதையும் சோதிக்க இது பயன்படுகிறது.

வரலாறு

தந்தி இயக்குநர்கள் புள்ளியையும் கோட்டையும் அடிக்கும் பாணி ஆளுக்கு ஆள் வேறுபட்டது. இரண்டாம் உலகப் போரில் எதிரியின் மோர்சு செய்திகளை ஒட்டுக்கேட்டவர்கள், மறையீட்டை உடைக்காமலேயே அனுப்புபவரை இப்பாணியால் இனங்கண்டனர். 1980இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம், தட்டச்சின் நேர இடைவெளிகளைக் கொண்டு ஆளை உறுதிசெய்வது பற்றிய ஆய்வறிக்கையை வெளியிட்டது.

செயல்படும் முறை

இதில் இரண்டு அளவுகள் அடிப்படையானவை. ஒரு விசை அழுத்தப்பட்டு விடப்படும் வரையுள்ள நேரம் அழுத்த நேரம். ஒரு விசையை விட்டு அடுத்ததை அழுத்தும் வரையுள்ளது இடைநேரம். இரண்டும் மில்லிநொடியில் அளக்கப்படுகின்றன. வேகமாகத் தட்டச்சு செய்பவர் முதல் விசையை விடுமுன்பே அடுத்ததை அழுத்துவதால், இடைநேரம் எதிர்ம எண்ணாகவும் வரலாம்.

பயனரின் பல உள்நுழைவுகளிலிருந்து ஒரு மாதிரி உருவாக்கப்படும். புதிய முயற்சி அதிலிருந்து விலகும் அளவு வரம்பைத் தாண்டினால், தளம் ஒருமுறைக் கடவுச்சொல் போன்ற கூடுதல் சான்றைக் கேட்கும். ஒரு தளத்தில் திருடிய கடவுச்சொற்களைத் தானியங்கி நிரல் மூலம் பிற தளங்களில் முயலும் தாக்குதலில், எழுத்துகள் ஒரே நொடியில் நிரம்பும். அல்லது இயந்திரச் சீருடன் விழும். மனிதக் கைக்கு அந்தச் சீர் இல்லை.

துல்லியம்

2009இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கில்லூரியும் மேக்சியனும், 51 பேரை ஒரே கடவுச்சொல்லைத் தலா 400 முறை தட்டச்சு செய்ய வைத்து, 14 கண்டறி முறைகளை ஒப்பிட்டனர். மிகச் சிறந்ததன் சமப் பிழை வீதமே 9.6 விழுக்காடாக இருந்தது. அதாவது, அந்நியரை ஏற்பதும் உரியவரை மறுப்பதும் சம அளவில் நிகழுமாறு வரம்பை வைத்தால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்தில் ஒருமுறை நேரும். எனவே இம்முறை கடவுச்சொல்லுக்கு மாற்றாகாது. துணைக் காவலாகவே அமையும்.

குறைபாடுகள்

விரலில் காயம், களைப்பு, புதிய விசைப்பலகை ஆகியவை தாளத்தை மாற்றும். கடவுச்சொல் மேலாளர் தானே நிரப்பும்போது அளக்க எதுவும் இருக்காது. நேர அளவுகள் பயனரின் உலாவியில் திரட்டப்படுவதால், தாக்குபவர் போலி அளவுகளை அனுப்ப இயலும். விசைகளைப் பதிவுசெய்யும் தீநிரல் கடவுச்சொல்லோடு தாளத்தையும் சேர்த்தே திருடலாம்.

தனியுரிமை

கசிந்த கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். பல ஆண்டுப் பழக்கத்தில் படிந்த தட்டச்சுத் தாளத்தை எளிதில் மாற்ற முடியாது. மேலும், இவ்வளவீடு பயனர் அறியாமலேயே நடக்கக்கூடியது. 2018 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, ஒருவரைத் தனித்து அடையாளம் காட்டும் நடத்தைப் பண்புகளையும் உயிரியளவியல் தரவு என வரையறுக்கிறது.