விரல் வீங்கும் முன் மோதிரத்தைக் கழற்றுங்கள்!

வரப்பில் புல் அறுக்கும்போது புறங்கையில் குளவி கொட்டிவிடுகிறது. சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வேலையைத் தொடர்வதுதான் பலருக்கும் வழக்கம். மாலைக்குள் கை வீங்கிவிடும். அப்போதுதான் விரலில் மோதிரம் இருப்பதே நினைவுக்கு வரும். இழுத்தால் வராது. 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று படுத்துவிட்டால், விரலையே இழக்க நேரிடலாம்.

ஏன் ஆபத்து?

பந்தலுக்காக மரத்தில் கட்டிய கம்பியை அவிழ்க்காமல் விட்டால், மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் இறங்கும். வீங்கிய விரலில் மோதிரமும் அப்படித்தான். முதலில் விரலிலிருந்து ரத்தம் திரும்பிப் போவது தடைபடும். ஆனால் உள்ளே வரும் ரத்தம் வந்துகொண்டே இருக்கும். அதனால் வீக்கம் கூடும். வீக்கம் கூடக் கூட மோதிரம் இன்னும் இறுகி, கடைசியில் உள்ளே வரும் ரத்தமும் நின்றுபோகும். குளவி, தேனீ கொட்டிய வீக்கம் ஒன்றிரண்டு நாள் வரை கூடிக்கொண்டே போகலாம். ஆகவே, கொட்டிய உடனேயே அந்தக் கையிலுள்ள எல்லா மோதிரங்களையும் வளையல்களையும் கழற்றிவிட வேண்டும்.

முதலில் விரலைப் பாருங்கள்

மோதிரம் மாட்டிக்கொண்டால், முதலில் அந்த விரலின் நகத்தை அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பினால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வீட்டில் முயன்று பார்க்கலாம். விரல் நீலம் பாய்ந்திருந்தாலோ, வெளிறியிருந்தாலோ, சில்லிட்டு மரத்திருந்தாலோ எந்தக் கைவைத்தியமும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எலும்பு முறிவு, வெட்டுக்காயம் இருந்தாலும் அப்படியே.

வீட்டில் செய்யக்கூடியவை

கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஐந்து, பத்து நிமிடம் வைத்திருங்கள். பிறகு குளிர்ந்த நீரில் கையை வையுங்கள். ஐஸ் கட்டி இருந்தால் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கலாம். அடுத்து சோப்பு நுரையோ தேங்காய் எண்ணெயோ தாராளமாகத் தடவி, மோதிரத்தைத் திருகித் திருகி நகர்த்துங்கள். நேராக இழுத்தால் கணுவில் தோல் மடிந்து, வீக்கம் இன்னும் கூடும்.

நூல் சுற்றும் முறை

இதற்கும் வராவிட்டால், உறுதியான, வழுவழுப்பான நைலான் நூல் இரண்டு முழம் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. விரல் நுனிப் பக்கமிருந்து நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, உள்ளங்கைப் பக்கம் ஒரு சாண் நீளம் வெளியே விடுங்கள்.

2. மீதி நூலை மோதிரத்தை ஒட்டித் தொடங்கி, பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல இடைவெளியில்லாமல், விரல் நுனியை நோக்கிக் கணுவைத் தாண்டும் வரை சுற்றுங்கள். மேலே எண்ணெய் தடவுங்கள்.

3. உள்ளங்கைப் பக்கம் விட்ட முனையைப் பிடித்து, சுற்றிய அதே திசையில், விரல் நுனியை நோக்கி அவிழ்த்துக்கொண்டே வாருங்கள். நூல் அவிழ அவிழ மோதிரம் முன்னே நகரும்.

ஐந்து நிமிடத்தில் நகராவிட்டாலோ, வலி தாங்க முடியாவிட்டாலோ நூலை உடனே அவிழ்த்துவிட வேண்டும். மறுபடி மறுபடி முயல்வது தவறு.

வெட்டத் தயங்க வேண்டாம்

கல்யாண மோதிரமாயிற்றே என்று தயங்குபவர்கள் உண்டு. மோதிரம் வெட்டும் கருவியில், தோலுக்கும் மோதிரத்துக்கும் நடுவே நுழையும் தகடு உண்டு. விரலில் காயம் படாது. தங்கமும் வெள்ளியும் எளிதில் வெட்டுப்படும். வெட்டிய மோதிரத்தை நகை ஆசாரி பற்றவைத்துத் தந்துவிடுவார். விரலை அப்படி ஒட்ட முடியாது. மருத்துவமனை தொலைவு என்றால் தீயணைப்பு நிலையத்தை 101 அல்லது 112 எண்ணில் அழைக்கலாம். எவர்சில்வர் மோதிரம், இரும்பு நட்டு போன்றவற்றைப் பட்டறையில் கட்டிங் மெஷின் வைத்து அறுப்பது கூடாது. உலோகம் சூடேறித் தோல் வெந்துவிடும்.

பாம்பு கடித்தால்

கையிலோ காலிலோ பாம்பு கடித்தால், மோதிரம், வளையல், வாட்ச், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் உடனே கழற்ற வேண்டும். கண்ணாடி விரியன் கடியில் வீக்கம் வேகமாக ஏறும். மெட்டியைக் கழற்றக் கூடாது என்ற வழக்கத்தை அந்த நேரத்தில் பார்க்கக் கூடாது. எளிதில் வராவிட்டால் ஐஸ், நூல் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசையாமல் வைத்து, 108 ஆம்புலன்ஸை அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீக்கம் இல்லை என்று இருந்துவிடவும் கூடாது. கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் வீக்கமே இருக்காது.

வேலைக்கு முன்

டிராக்டர் டிரெய்லரிலிருந்து கொக்கியைப் பிடித்துக் குதிக்கும்போது மோதிரம் மாட்டிக்கொண்டால், உடல் எடை முழுவதும் அந்த ஒரு விரலில் இறங்கும். தோலும் சதையும் உரிந்து வந்துவிடும். கதிரடிக்கும் இயந்திரம், தீவனம் நறுக்கும் இயந்திரம், மோட்டார் பெல்ட் அருகில் வேலை செய்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

வயலுக்குக் கிளம்பும்போது மோதிரத்தை வீட்டில் வைத்துவிடுங்கள். சில மாதங்களாகக் கழற்றாத மோதிரம் இருந்தால், இன்றே சோப்பு போட்டுக் கழற்றிப் பாருங்கள். கணுவைத் தாண்ட மறுத்தால், அவசரம் வருவதற்கு முன்பே ஆசாரியிடம் கொடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.