அழாத காது

லயத்துப் பிள்ளைகள் – 9

கலவானப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளையின் காதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான பதில் வரும். "ராத்திரி பூரா வீல் வீல்னு கத்திருச்சு" என்பது ஒன்று. "அதுக்கு அடிக்கடி வடியும், தானா நின்னுரும்" என்பது மற்றது. முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடுகிறார்கள். இரண்டாவது பிள்ளைக்குக் காதில் பஞ்சு வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். எனக்குக் கவலை தருவது இரண்டாவது பிள்ளை. ஆனால் கத்துகிற பிள்ளையிலிருந்து தொடங்கினால்தான் விஷயம் விளங்கும்.

செவிப்பறைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறைதான் நடுக்காது. அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. 16ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த இத்தாலியர் யூஸ்டாகியின் பெயரால் யூஸ்டேகியன் குழாய் என்கிறார்கள். பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் நீளம், நன்றாகச் சரிந்து இறங்கும். கைக்குழந்தைக்கு அதில் பாதிதான், கிட்டத்தட்டப் படுக்கை வாட்டம். சளி பிடித்ததும் குழாய் வீங்கி அடைத்துக்கொள்கிறது. உள்ளே நீர் சேர்கிறது, மூக்கிலிருந்த கிருமி அங்கே போய்ப் பெருகுகிறது, சீழ் கட்டி செவிப்பறையை உள்ளிருந்து தள்ளுகிறது. படுக்கவைத்தால் வலி கூடும். பால் உறிஞ்சினாலும் கூடும். பசியோடு மார்பில் வாய் வைத்த பிள்ளை இரண்டு மிடறு குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவது அதனால்தான். காதைப் பிடித்து இழுப்பதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். பல் முளைக்கும்போதும் பிள்ளைகள் இழுக்கும்.

குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போனதால்தான் இது வந்தது என்று லயத்து வரிசை வீடுகளில் சொல்வார்கள். செவிப்பறை முழுசாக இருந்தால் குளித்த தண்ணீர் நடுக்காதுக்குப் போக வழியே இல்லை. நோய் வந்தது மூக்கு வழியாக. எத்தனையோ அப்பாயிமார் இந்தப் பழியைச் சும்மா சுமந்திருக்கிறார்கள்.

சரி, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்தான் இந்நோயின் உச்சம், எந்த நாட்டிலும். ஆனால் எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே அளவில் வருவதில்லை. சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் இருக்கிற இந்த ஊருக்கு ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. விறகு காய்வதில்லை, அதனால் அடுப்பு எரிவதைவிடப் புகைவது அதிகம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்தாறு பேர் படுத்தால், ஒருவரின் சளி இரண்டே நாளில் எல்லோருக்கும் சொந்தம். பகலில், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற புள்ளக்காம்பராவில், அந்தச் சளி இன்னும் பத்துப் பிள்ளைகளோடு கலக்கிறது. வடக்கு ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகளிடம் காது வடிதல் மிக அதிகம். ஏன் என்று டார்வின் நகரின் மென்சீஸ் ஆய்வு நிறுவனத்தார் 1990களில் தேடியபோது, பிறந்து சில வாரங்களிலேயே அந்தக் குழந்தைகளின் மூக்கில் இந்தக் கிருமிகள் குடியேறிவிடுவதைக் கண்டார்கள். அங்கேயும் வீடுகளில் நெரிசல்தான். லயம் கட்டியவர்களுக்குக் காதைப் பற்றிய யோசனை இருந்திருக்காது, இன்று திருத்துகிறவர்களுக்காவது இருக்கலாம்.

வீட்டிலேயே மாற்றக்கூடியவை சில உண்டு. சிகரெட், பீடிப் புகை காது நோயைக் கூட்டும் என்பது உறுதியாகத் தெரிந்தது. அப்பாக்கள் வாசலைத் தாண்டிப் போய்ப் புகைக்கட்டும். பிள்ளையை மல்லாத்திப் படுக்கவைத்து, பால் போத்தலைத் துணியில் சாய்த்து வாயில் கொடுத்துவிட்டு வேலை பார்ப்பது கெடுதல். பாலும் சாயத்தண்ணியும் தொண்டையின் பின்பக்கமாகக் குழாயை நோக்கிப் போகும். தலையை உயர்த்தி மடியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு வெறும் சூப்பியை வாயில் விட்டுவைப்பதும் நல்லதல்ல.

தாய்ப்பால் காதைக் காக்கிறது, முதல் ஆறு மாதம் அது மட்டுமே கொடுத்தால் இன்னும் நல்லது. இதைச் சொல்லாத சுகாதாரச் சுவரொட்டி இல்லை. ஆனால் இலங்கையில் பேறுகால விடுப்பு 84 நாள். மூன்றாவது பிள்ளைக்கும் அதே அளவு என்று சட்டம் திருந்தியதே 2018இல்தான். எப்படி எண்ணினாலும் 84 நாள் ஆறு மாதமாகாது. பால்வெட்டுக்குப் போகிற தாய் விடியுமுன்னே இறப்பர் மலையில் இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே பால் கொடுக்கப் போகச் சட்டம் நேரம் தருகிறது. மலையிலிருந்து புள்ளக்காம்பராவுக்கு இறங்கி ஏறுகிற தூரத்தைச் சட்டம் அளக்கவில்லை. போத்தல் கொடுத்த தாயைக் கிளினிக்கில் திட்டுவதற்கு முன் இதையும் யோசிக்கலாம்.

கத்துகிற இரவுக்கு வருவோம். எடைக்குக் கணக்கிட்டுப் பனடோல் பாணி கொடுங்கள், மடியில் நிமிர்த்தி வைத்திருங்கள். பூண்டு காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், கோழி இறகு எதுவும் காதுக்குள் போகக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை என்றால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு காதில் மட்டும் லேசான நோய் என்றால், இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று வைத்தியர் சொல்லக்கூடும். பெரும்பாலானவை தானாகவே ஆறும் என்பதால் அப்படிச் சொல்கிறார். மருந்து தராமல் ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அமொக்சிசிலின் கொடுத்தால் சொன்ன நாள் வரைக்கும் கொடுத்து முடியுங்கள். மிச்சத்தை அலுமாரியில் வைத்து அடுத்த மாதம் தம்பிக்குக் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணம். கலக்கிய பாணி அதற்குள் கெட்டுப்போயிருக்கும்.

சில பிள்ளைகளுக்குச் சில நாளில் செவிப்பறையில் ஓட்டை விழுந்து சீழ் வெளியே வருகிறது. அழுத்தம் இறங்கியதும் வலி நிற்கிறது. பிள்ளை தூங்குகிறது, வீடே தூங்குகிறது. "உடைஞ்சிருச்சு, இனி சரியாயிரும்" என்கிறார்கள். பல பிள்ளைகளுக்குச் சரியாகவும் ஆகிறது, ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். சிலருக்கு மூடுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் வடிந்தால் அதை நாட்பட்ட நோயாகக் கணக்கில் எடுக்கிறது உலக சுகாதார நிறுவனம். வலி இல்லாததால் அதைத் தேடி யாரும் பஸ் ஏறுவதில்லை.

வடிகிற காதை உலர்த்துவதுதான் பாதி வைத்தியம். சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக முறுக்கிக் காதில் வையுங்கள். நனைந்ததும் எடுத்துவிட்டுப் புதுத் திரி. உலரும் வரைக்கும் அப்படி, நாளைக்கு மூன்று முறையாவது. குச்சி வேண்டாம். பஞ்சை அடைத்து மூடிவைத்தால் சீழ் உள்ளேயே நிற்கும். உலர்த்திய பிறகுதான் வைத்தியர் எழுதித் தந்த சொட்டு மருந்து. பக்கத்து வீட்டுச் சொட்டு மருந்தை வாங்கி விடாதீர்கள், சில வகை மருந்துகள் ஓட்டை வழியே போய் உட்காதையே கெடுத்துவிடும். இந்தப் பிள்ளைக்கு மட்டும் தண்ணீர் உண்மையிலேயே பகை. குளிக்கும் நேரத்துக்கு வாஸ்லின் தடவிய பஞ்சு வைக்க வேண்டும், குளித்ததும் எடுத்துவிட வேண்டும். காதின் பின்னால் வீங்கி மடல் முன்னால் தள்ளினாலோ, முகம் கோணினாலோ, வலிப்பு வந்தாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வடியாத காதிலும் ஒன்று ஒளிந்திருக்கலாம். நோய் ஆறிய பிறகும் நடுக்காதில் நீர் தங்கும். ஒரு மாதம் கழித்துப் பத்தில் நான்கு பிள்ளைகளுக்கும், மூன்று மாதம் கழித்துப் பத்தில் ஒரு பிள்ளைக்கும் அது இருக்கும் என்பது நெடுநாள் கணக்கு. வலி, காய்ச்சல் எதுவும் இருக்காது. காதுக்குள் விரல் வைத்துக்கொண்டு கேட்பது போல உலகம் மங்கிக் கேட்கும். பேச்சு பழகுகிற வயதில் அடிக்கடி இப்படியானால் சொற்கள் தேய்ந்து விழுகின்றன. இங்கே பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கடையிலும் பஸ்ஸிலும் சிங்களம். இரண்டும் பாதிபாதியாய்க் காதில் விழும். பாலர் பாடசாலையில் "சொன்னா கேக்க மாட்டான்" என்று பெயரெடுப்பவர்களில் சிலருக்கு உண்மையிலேயே கேட்காது. பின்னால் நின்று மெல்லிய குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். பல தடவை கூப்பிட்டும் திரும்பாவிட்டால் செவிப்புலன் சோதனை வேண்டும். சிறு வயதில் கேட்கும் திறன் குறைவதில் ஏறக்குறைய 60 சதவீதம் தவிர்க்கக்கூடிய காரணங்களால் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது.

செவிப்புலன் சோதனைக்கு இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். போனால் அன்றைக்குப் பேர் விழாது, ஒரு நாள் சம்பளம் போகும். அப்படி ஒரு நாளை இழந்து போகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். ஆறு மாதத்தில் மூன்று முறை, அல்லது ஓராண்டில் நான்கு முறை காது நோய் வந்தால் அதைத் 'திரும்பத் திரும்ப வரும் நடுக்காது அழற்சி' என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு யோசிக்கிறார்கள். மூக்கின் பின்னாலுள்ள அடினாய்டு சதையைப் பார்க்கிறார்கள். நீர் தங்கியே இருந்தால் செவிப்பறையில் குரொமெட் என்ற சின்னக் குழல் வைக்கலாமா என்று பார்க்கிறார்கள். ஆனால் தாய் சொல்வது "அடிக்கடி வரும்" என்பதுதான். ஒவ்வொரு முறையும் வேறு வைத்தியர், பெரும்பாலும் சிங்களத்தில் பேசுகிறவர். "அடிக்கடி" என்பதை அவர் எண்ண முடியாது. மிட்வைப் மிஸி தந்த குழந்தையின் சுகாதாரப் பதிவேடு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் காது வலித்த தேதி, வடிந்த தேதி, எந்தப் பக்கக் காது, கொடுத்த மருந்து, இவ்வளவையும் குறித்துவையுங்கள். எழுத வராத அம்மாவுக்குப் புள்ளக்காம்பரா ஆயம்மா எழுதித் தரலாம். தேதியை வாசிக்க எந்த வைத்தியருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

(அடுத்த வாரம்: ஈர விறகும் இழுப்பும்)