கூடத்தில் ஒரு திறந்த கதவு

குன்னூரிலும் கோத்தகிரியிலும் இரவில் கதவைத் தாழிடாமல் படுப்பார் இல்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கிவரும் கரடி, சமையலறை எண்ணெயையும் விடாது. கோயில் விளக்கின் எண்ணெயையும் விடாது. ஆனால், அதே வீட்டுக் கூடத்தில் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் ரௌட்டர் என்னும் சிறு பெட்டிக்குத் தாழ் போட்டிருக்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

அதற்குச் சாவிகள் இரண்டு. ஒன்று, விருந்தாளி காப்பிக்கு முன்பே கேட்கிறாரே, அந்த வைஃபை பாஸ்வேர்டு. மற்றொன்று, பெட்டியின் அமைப்பையே மாற்றும் அதிகாரம் தரும் பாஸ்வேர்டு. முதலாவதைப் பேரக் குழந்தையின் பெயரை வைத்தாவது மாற்றிவிடுகிறோம். இரண்டாவது ஒன்று உண்டென்பதே பலருக்குத் தெரியாது. தொழிற்சாலையில் வைத்த 'அட்மின்' என்ற சொல்லே ஆயுள் முழுவதும் நிலைத்து நிற்கிறது.

இதன் பலனை 2017 ஜூலை இறுதியில் நமது தேசம் அநுபவித்தது. பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். ஆகிய சர்க்கார் ஸ்தாபனங்களின் சந்தாதாரர் வீடுகளில் மோடங்கள் திடீரென்று மூர்ச்சை போட்டன. சுமார் 60,000 பெட்டிகள் என்று அப்போது செய்தி வந்தது. காரணம் 'பிரிக்கர்பாட்' என்ற நாச நிரல். பெட்டியைச் செங்கல்லாக்கிவிடுவது என்று பெயருக்குப் பொருள். மாற்றப்படாத பாஸ்வேர்டுதான் அதற்கு வாசல். "காவலற்ற பெட்டிகளை மற்றவர் கைப்பற்றுமுன் நானே அழிக்கிறேன்" என்பது அதை ஏவிய ஆசாமியின் வாதம். தாழில்லாத வீட்டைத் திருடன் வருமுன் கொளுத்துகிற தருமம்!

ஆயினும் அவர் சொன்ன ஆபத்து பொய்யன்று. முந்திய ஆண்டு 'மிராய்' என்ற நிரல், அதே வழியில் லட்சக்கணக்கான காமிராக்களையும் ரௌட்டர்களையும் அடிமைப்படுத்தியது. 2016 அக்டோபர் 21-ஆம் தேதி அந்தப் படையின் தாக்குதலால் ட்விட்டர் முதலிய பெரிய தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. பெட்டிக்கு உரியவர்களோ ஒன்றும் அறியாமல் சினிமா பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். செங்கல்லான பெட்டியாவது தன் கதையைச் சொல்லிவிடும். வசப்பட்ட பெட்டி வாய் திறப்பதில்லை. பாங்கியின் விலாசத்தைத் தட்டினால், பாங்கியைப் போல் வேஷமிட்ட இடத்துக்கு நம்மை அழைத்துச் செல்லவும் அதனால் முடியும்.

உதகையில் யாத்ரிகர்களுக்கு வீட்டை வாடகைக்கு விடுவோர் அநேகர். அவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். வைஃபைக்குள் வந்துவிட்டவருக்குப் பெட்டியின் வாசல் இரண்டடி தூரந்தான். விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைக்கும் வசதி பல ரௌட்டர்களில் உண்டு, அதை உபயோகிக்கலாம். வெளியிலிருந்து பெட்டியை நிர்வகிக்கும் வசதி தேவையில்லையெனில் மூடிவிடலாம். தயாரித்தவர் அனுப்பும் புதிய மென்பொருளை ஏற்றுக்கொள்வதும் அவசியம்.

மலையில் இடி மின்னலுக்குப் பஞ்சமில்லை. பழுது பார்க்க வந்தவர் பின்புறத்துச் சிறு துளையில் ஊசியை விட்டு அழுத்தினால், பெட்டி பிழைத்துக்கொள்ளும்; கூடவே பழைய 'அட்மினும்' திரும்பி வந்துவிடுவதுண்டு. அவர் படியிறங்குமுன், இரண்டு பாஸ்வேர்டுகளையும் புதிதாக மாற்றித் தரும்படி கேளுங்கள்.