காய் திருத்தும் கைகளுக்குக் காப்பு

வைணவ மரபில் ஊறிய இல்லங்களில் காய்கறியை ‘நறுக்குதல்’ என்று சொல்வதில்லை, ‘திருத்துதல்’ என்பார்கள். எம்பெருமானுக்கு அமுதாகப் போகும் பொருளைக் குறித்து வன்சொல் கூடாது என்பது பெரியோர் கருத்து. சொல்லிலே காட்டும் அந்தக் கவனம், திருத்தும் கருவியைக் கையாள்வதிலும் வேண்டும்.

வடலூர் தருமச்சாலையில் 1867ஆம் ஆண்டு வள்ளற்பெருமான் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. தமிழகத் திருக்கோயில்களில் 2002ஆம் ஆண்டு தொடங்கிய அன்னதானத் திட்டமும் நாள்தோறும் பலருடைய பசியாற்றி வருகிறது. இவை தவிர, கும்பாபிஷேகம், பிரம்மோற்சவம் போன்ற நாள்களில் அடியார்கள் கூடி மூட்டை மூட்டையாகக் காய் திருத்துவதைக் காண்கிறோம். அவர்களுள் பலர் அறுபதைக் கடந்தவர்கள். வீட்டில் நால்வருக்குத் திருத்திப் பழகிய கை, அங்கே நானூறு பேருக்குத் திருத்த வேண்டியிருக்கிறது. அவசரமும், பேச்சும், மங்கிய வெளிச்சமும் சேரும்போது விரல் தவறுவது எளிது.

அரிவாள்மனையில் அலகு அசையாது நிற்கும். நகர்வது நம் கை. ஆகவே கண் அலகைவிட்டு அகலலாகாது. பேச வேண்டுமெனில் கையை நிறுத்திவிட்டுப் பேசுதல் நன்று. மனையைக் காலால் அழுத்திக்கொண்டு, சமதரையில் அமர வேண்டும். எழுந்து செல்லும்போது அலகை மடக்கியோ, மனையைச் சாய்த்துச் சுவரோரமாக வைத்தோ செல்ல வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் தரையில் அமர்ந்து வருந்த வேண்டாம். மேசையருகே அமர்ந்து, பலகையின் அடியில் ஈரத்துணி விரித்துக் கத்தியால் திருத்தலாம். ஈரத்துணி பலகையை நழுவவிடாது.

மழுங்கிய கத்தியே பாதுகாப்பானது என்று சிலர் எண்ணுவதுண்டு. அது தவறு. மழுங்கிய அலகுக்கு மிகுந்த விசை கொடுக்க நேர்வதால், காய் வழுக்கியவுடன் அந்த விசை முழுவதும் கையில் இறங்கும். பூசணி, சேனை போன்ற கடினமான காய்களை முதலில் ஒருபுறம் சீவித் தட்டையாக்கி, அத்தட்டையான பக்கம் கீழே படியும்படி வைத்துக்கொண்டால் உருளாது. கத்தி கை நழுவினால் பிடிக்க முயலாமல் விலகிவிட வேண்டும். கழுவ வேண்டிய பாத்திரங்களுக்கு இடையே கத்தியைப் போட்டு வைப்பது, கழுவ வருபவருக்கு ஊறு விளைக்கும்.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கலாகாது, கீழே வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கொடுத்தால் பகை வரும் என்று காரணமும் கூறுவர். பகை வருமோ வராதோ, அப்படிச் செய்தால் காயம் வராது. ஆயுத பூஜையன்று கருவிகளைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, ஓய்வு கொடுக்கிறோம். அவ்வாறு கையிலெடுத்துத் துடைக்கும்போதே, பிடி ஆடுகிறதா, துரு ஏறியிருக்கிறதா, அலகு மழுங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சீர்செய்துவிடலாம். திருவிழாவுக்குக் காய் திருத்தத் தொடங்குமுன்னும் இதே சோதனை அவசியம்.

இத்தனைக்குப் பிறகும் காயம் நேரலாம். கைங்கர்யம் தடைபடுமே என்று அதை முந்தானையில் மறைத்துக்கொண்டு தொடர்பவர்கள் உண்டு. அது பக்திக்கும் உடலுக்கும் நல்லதன்று. குருதி பட்ட காய் அமுதுக்கு ஆகாது. அதை அகற்றி, பலகையையும் கருவியையும் நன்கு கழுவிய பின்னரே பணி தொடர வேண்டும்.

காயத்தை ஓடும் நீரில் கழுவி, தூய துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும். காப்பித்தூளோ சுண்ணாம்போ அப்புதல் கூடாது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர்களுக்குக் குருதி நிற்கத் தாமதமாகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் புண் ஆறவும் நாளாகும். இவர்கள் சிறு காயமானாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நலம். ஆழ்ந்த காயமோ, நிற்காத குருதியோ யாருக்கு ஏற்பட்டாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். தனுர்வாதத் தடுப்பூசி தேவையா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

கை நடுக்கமோ பார்வைக் குறைவோ உள்ளவர்கள் கத்தியை இளையவரிடம் தந்துவிட்டுக் கீரை ஆயலாம், அவரை உரிக்கலாம், பூத் தொடுக்கலாம். அன்னதானக் கூடத்தில் அவையும் நிறைவான கைங்கர்யங்களே.