நாற்பது அடிக் கணக்கு

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் பிடித்தபோது அவற்றுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களையே சூட்டினார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆனது. வேலணை லெய்டன், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். மற்றப் பெயர்களெல்லாம் பழைய வரைபடங்களோடு போய்விட்டன. டெல்ஃப்ட் மட்டும் இன்றும் ஆங்கிலப் பெயர்ப்பலகைகளில் நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கையான பொருத்தம் உண்டு. 1880களின் கடைசியில் ஒல்லாந்து இராணுவப் பொறியியலாளர் பாடன் கைபன், அசல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கு அருகே கிணறு தோண்டுவது பற்றி ஒரு குறிப்பு எழுதினார். சில ஆண்டுகள் கழித்து, 1901இல், ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜெர்மன் பொறியியலாளர் வட கடல் தீவொன்றின் கிணறுகளைப் பார்த்து அதே முடிவைத் தனியாக வெளியிட்டார். இருவர் பெயராலும் வழங்கும் அந்த விதிதான் நெடுந்தீவில் எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எது சவர் என்பதைத் தீர்மானிக்கிறது.

விதி எளியது. நன்னீரை விடக் கடல்நீர் கொஞ்சம் கனம். ஒரு லீற்றர் நன்னீர் ஒரு கிலோ என்றால் கடல்நீர் 1.025 கிலோ. ஆகவே தீவின் அடியில் இறங்கும் மழைநீர் உவர்நீரோடு கலந்துவிடாமல் அதன்மேல் மிதக்கிறது, நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். கேட்க இனிப்பாக இருக்கிறது. கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் வயிறு கலங்கும். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், அடியில் இருக்கும் உவர்நீர் நாற்பது அடி மேலே வரப் பார்க்கும். நிலத்துக்குள் இது ஒரே நாளில் நடப்பதில்லை. மெதுவாக, இடத்துக்கு இடம் கோணல்மாணலாக நடக்கும். அதனால்தான் கிணறு சவராகிப் போன பிறகே வீட்டுக்காரருக்குத் தெரிய வருகிறது.

துலா மிதித்து இறைத்த காலத்தில் இதற்கு இயல்பான ஒரு கட்டுப்பாடு இருந்தது: மனித உடம்பு களைத்துவிடும். நீரிறைக்கும் இயந்திரம் களைப்பதில்லை.

தீவுகளின் நிலம் சுண்ணக்கல். மாரியில், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுவதுதான் ஆண்டின் பெரும்பாலான மழை. அது கல்லின் வெடிப்புகள் வழியே விறுவிறென்று இறங்கிவிடும். மழை இறங்கும் அதே வழியில் மலசலகூடக் குழியின் கசிவும் தோட்டத்துக்குப் போட்ட யூரியாவும் இறங்கும். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் நைட்ரேட்) கூடியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கத் திணறும். நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சவரை நாக்கு பிடித்துவிடும், இதை நாக்கால் பிடிக்க முடியாது.

கிணறு ஒவ்வொருவர் வளவுக்குள் இருக்கிறது, தண்ணீரோ தீவுக்கெல்லாம் ஒன்று. வேலணையில் சாட்டி மணற்பரப்பும் நெடுந்தீவில் சாராப்பிட்டியும் ஊருக்கே நல்ல தண்ணீர் கொடுத்த இடங்கள். அங்கே எவ்வளவு இறைக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத் தனியொருவரால் சொல்ல முடியாது. அளந்து பார்த்து, யாருக்கும் சார்பில்லாமல் சொல்ல ஒரு கூட்டம் வேண்டும். விஞ்ஞானச் சங்கங்களின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கம் 1991இல் பிறந்தது. அந்த ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். முந்தின ஆண்டு யூனில் போர் மறுபடி மூண்டிருந்தது. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். உரமும் சீமெந்தும் பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தன. வளம் குன்றாத வாழ்க்கை பற்றி உலக நாடுகள் றியோ டி ஜெனீரோவில் கூடிப் பேசியது அதற்கு அடுத்த ஆண்டு, 1992இல். யாழ்ப்பாணத்தார் அதை முன்கூட்டியே, விருப்பமில்லாமல், செய்முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

தூய விஞ்ஞானம், பிரயோக விஞ்ஞானம், மருத்துவம், சமூக விஞ்ஞானம் என்று பிரிவுகள் வைத்து, ஆண்டுதோறும் அமர்வு கூட்டி ஆய்வுகளைப் படிக்கச் செய்வது சங்கத்தின் நடைமுறை. நாடளாவிய மூத்த அமைப்பான இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1944இல் தொடங்கியது. அதிலும் சமூக விஞ்ஞானத்துக்கு ஓர் இடம் உண்டு. இது சும்மா அலங்காரத்துக்கு வைத்ததில்லை. கிணற்று நீரின் உப்பை அளப்பது இரசாயனம். அந்தக் கிணற்றை ஏன் ஆழப்படுத்தினார்கள் என்று கேட்பது சமூக விஞ்ஞானம். இரண்டும் ஒரே மேசைக்கு வராவிட்டால் அறிக்கை அலுமாரிக்குள் போய்விடும்.

இத்தகைய சங்கங்களின் குழுக்களுக்கு வர்த்தமானி வெளியிடும் அதிகாரம் கிடையாது. ஒரு பவுசர் தண்ணீர் அனுப்பக்கூடக் கையில் காசு இருக்காது. அவர்களிடம் இருப்பது அளவுகோலும், சொன்னதை நம்பவைக்கும் பெயரும். அது போதுமா என்று கேட்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம்.

கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் 1962இல் தொடங்கப்பட்ட விஞ்ஞான அமைப்பு. விஞ்ஞானத்தை மலையாளத்தில் எழுதுவதே அதன் முதல் நோக்கம். பாலக்காட்டு மலையில் குந்திப்புழை ஆற்றை மறித்து, அமைதிப் பள்ளத்தாக்கு மழைக்காட்டை மூழ்கடித்து மின்சாரம் எடுக்கும் திட்டம் 1970களில் வந்தபோது, பரிஷத் ஐந்து பேரை உட்கார வைத்தது. உயிரியலாளர் எம். கே. பிரசாத், அணுப் பொறியியலாளர் எம். பி. பரமேஸ்வரன், மின் பொறியியலாளர் வி. கே. தாமோதரன், விவசாய விஞ்ஞானி சியாமசுந்தரன் நாயர், பொருளியலாளர் கே. பி. கண்ணன். காட்டைக் காப்பாற்றுங்கள் என்று மட்டும் அவர்கள் எழுதவில்லை. மலபாருக்கு மின்சாரம் தேவை என்பதை ஒப்புக்கொண்டு, அதை வேறு எப்படித் தரலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1979இல் அறிக்கை வந்தது. ஊர் ஊராக விவாதம் நடந்தது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1985இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாகத் திறந்துவைக்கப்பட்டது. ஐந்து பேர் எழுதியது மட்டுமே அணையை நிறுத்தியது என்று சொன்னால் மிகையாகும். கவிஞர்களும் பறவை ஆர்வலர்களும் டெல்லி அரசியலும் சேர்ந்தன. ஆனால் எதிர்ப்பவர்கள் கையில் கணக்கு இருந்தது.

யாழ்ப்பாணத்திலேயே மறுபக்கமும் உண்டு. சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக எழுந்த பிரச்சினையில் நிபுணர் குழு ஒன்று சொன்னதை மற்றத் தரப்பு ஏற்கவில்லை. சனங்களுக்கு எந்தத் தாளை நம்புவது என்று தெரியவில்லை. பவுசர் வரும் வரை குடத்தோடு காத்திருந்தார்கள். முடிவில் 2019இல் உயர் நீதிமன்றம்தான் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்த்தது. பிரச்சினை வெடித்த பிறகு அமைக்கப்படும் குழுவை எல்லோரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அதற்குப் பத்து ஆண்டு முன்பிருந்தே அதே கிணறுகளை அளந்து வந்த பதிவேடு ஒன்று யாரிடமாவது இருந்திருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும்.

இனித் தீவுகளுக்குக் காற்றும் வெயிலும் வருகின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையோடு இணைக்கப்படாதவை. டீசல் இயந்திரத்தை நம்பியவை. அங்கே காற்றாலையும் சூரிய மின்சாரமும் அமைக்கும் வேலை 2021 தொடக்கத்தில் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்தியா முகம் சுளித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் வேலை நின்றது. 2022 மார்ச்சில் இந்தியா மானியமாகவே செய்து தருவதாக உடன்பாடு; 2024 மார்ச்சில் ஒப்பந்தம். 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்றாலை, 2,400 கிலோவாட் மணி மின்கலம், துணைக்கு 2,500 கிலோவாட் டீசல் என்பது திட்டம்.

இரண்டு வல்லரசுகள் இந்தக் குட்டித் தீவுகளுக்காகக் கயிறு இழுத்ததைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. பத்து, பதினைந்து ஆண்டுகளில் செத்துப்போகும் மின்கலங்களை எந்தப் படகில் ஏற்றி எங்கே கொண்டுபோவது, உப்புக் காற்றில் தகடுகளின் சட்டம் எத்தனை ஆண்டு தாங்கும், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பறவைகளின் பாதையில் காற்றாலை எங்கே நிற்கலாம் என்ற கேள்விகளுக்கு அந்த அளவு மை செலவாகவில்லை. ஒரு விஞ்ஞானக் குழு கேட்க வேண்டியவை இந்தச் சில்லறைக் கேள்விகள்தான். மின்சாரம் வந்தால் நீரிறைக்கும் இயந்திரமும் மலிவாக ஓடும் என்பதையும் அதே குழு நினைவூட்ட வேண்டும். நாற்பது அடிக் கணக்கு அங்கேயும் வந்து நிற்கும்.

கடல்பக்கம் இன்னும் சிக்கல். இழுவைமடி இலங்கையில் 2017இலேயே சட்டத்தால் தடைசெய்யப்பட்டது; ஆனாலும் பாக்கு நீரிணையில் தமிழ்நாட்டு இழுவைப் படகுகளோடு பிணக்கு ஓயவில்லை. ஊர்காவற்றுறை, வேலணைக் கரையோரக் களப்புகளில் கடலட்டைப் பண்ணைகள் வந்தபோது வருமானம் என்றார்கள் சிலர், எங்கள் வலைப்பாடு போச்சு என்றார்கள் சிலர். கடலட்டை சேற்றைத் தின்று துப்புரவாக்கும் பிராணி என்பது உண்மை. வேலியிட்டு அடைத்தால் கடற்புல்லுக்கும் நீரோட்டத்துக்கும் என்ன ஆகும் என்பது இடத்துக்கு இடம் அளந்து பார்த்துச் சொல்ல வேண்டிய விடயம். இரு பக்கமும் தொண்டை கிழியக் கத்துவதால் அது தெரிய வராது.

நெடுந்தீவில் 2015 யூனில் 1,846 ஹெக்டேயர் நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கட்டாக்காலிக் குதிரைகள் அங்கேதான் மேய்கின்றன. கோடையில் அவை தண்ணீரின்றி மடிந்த செய்திகள் அதன் பிறகும் வந்தன. வர்த்தமானி குதிரைக்குத் தண்ணீர் காட்டாது.

சங்கத்தார் மீதும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். தீவுகளின் நீரைப் பற்றிய நல்ல ஆய்வுகளில் பல ஆங்கிலத்தில், மாநாட்டுத் தொகுப்புகளில் கிடக்கின்றன. புங்குடுதீவில் கிணறு கலக்கி இறைப்பவர் அவற்றைக் காணப்போவதில்லை. ஆந்திரத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஐ.நா. உணவு, விவசாய நிறுவனத்தின் துணையோடு 2000களில் ஏழு மாவட்டங்களில் நடந்த திட்டம் ஒன்றில், அறுநூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களின் விவசாயிகளே கிணற்றின் நீர்மட்டத்தையும் மழையையும் அளந்து, ஊர் நடுவே சுவரில் எழுதி வைத்தார்கள். இந்த ஆண்டு நிலத்தடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எந்தப் பயிருக்கு அது காணும் என்று அவர்களே கூடிக் கணக்குப் போட்டார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை. எண்ணைப் பார்த்துப் பலர் நெல்லை விட்டுத் தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறினார்கள்.

தீவகத்தில் இதற்கு வேண்டியது பெரிய முதலில்லை. முடிச்சுப் போட்ட ஒரு கயிறு, சட்டைப் பையில் அடங்கும் ஒரு மின்கடத்துதிறன் மானி, ஒரு கொப்பி. பள்ளிக்கூடங்களின் விஞ்ஞான ஆசிரியர்கள் நடத்தலாம். சங்கத்தின் குழு ஆண்டுக்கு இரண்டு முறை குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி வந்து எண்களைச் சரிபார்த்து, முடிவைத் தமிழில் பிரதேச சபைச் சுவரில் ஒட்டலாம்.

சங்கம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வளவில் கிணறு உள்ளவர்கள், மாரி முடிந்த தையில் ஒருமுறையும் கோடை முற்றிய ஆவணியில் ஒருமுறையும், கிணற்றுக்கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று அளந்து, திகதி போட்டு எழுதி வையுங்கள்.