மனநோயாளியின் சொல்லுக்கு மதிப்பு உண்டா? 'மேனியாக்' தொடர் எழுப்பும் கேள்விகளும் இந்தியச் சட்டம் தரும் பதில்களும்

மும்பை: மனநோய்க்கு ஆளான ஒருவரின் சாட்சியத்தை நம்பலாமா? அவருக்காக முடிவெடுக்கும் உரிமை குடும்பத்துக்கு மட்டுமே உரியதா? இந்த இரண்டு கேள்விகளையும் மையமாகக் கொண்டு உருவான அறிவியல் புனைவுத் தொடர் 'மேனியாக்'. நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி வெளியான இத்தொடர் 10 பகுதிகளைக் கொண்டது. கதை நடப்பது நியூயார்க் நகரில். ஆயினும் அது தொடும் சிக்கல்கள் மும்பை தாராவியையொட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப் போன்ற குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்நியமானவை அல்ல. தொடர் எதைச் சரியாகக் காட்டுகிறது, எதை மிகைப்படுத்துகிறது, இந்தியாவில் நடைமுறை என்ன என்பதை இங்கே காணலாம்.

கதை என்ன?

பேட்ரிக் சோமர்வில் உருவாக்கி, கேரி ஃபுகுனாகா இயக்கிய இத்தொடர், அதே பெயரில் வெளிவந்த நார்வே நாட்டுத் தொடரைத் தழுவியது. ஜோனா ஹில் ஏற்று நடித்த ஓவன் மில்கிரிம் என்ற இளைஞர், செல்வக் குடும்பத்தின் கடைசி மகன். அவருக்கு மனச்சிதைவு நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டுள்ளது. அவருடைய அண்ணன் மீது பாலியல் குற்றச்சாட்டு எழுகிறது. அண்ணனைக் காப்பாற்ற நீதிமன்றத்தில் பொய் சாட்சி சொல்லுமாறு குடும்பம் அவரை நெருக்குகிறது.

எம்மா ஸ்டோன் நடித்த ஆனி லேண்ட்ஸ்பெர்க், சாலை விபத்தில் தங்கையைப் பறிகொடுத்தவர். அந்த நாளை மீண்டும் மீண்டும் மனத்துக்குள் வாழச் செய்யும் ஒரு மாத்திரைக்கு அவர் அடிமையாகியுள்ளார். அவருடைய தந்தையோ வீட்டு முற்றத்தில் ஒரு பெட்டிக்குள் தம்மை அடைத்துக்கொண்டு வாழ்கிறார்.

இருவரும் ஒரு மருந்து நிறுவனத்தின் சோதனையில் சேர்கிறார்கள். முதல் மாத்திரை உளக்காயத்தை வெளிக்கொணரும். இரண்டாவது, அதை மறைக்க மனம் போட்டுக்கொண்ட திரைகளைக் காட்டும். மூன்றாவது, காயத்தை நேருக்கு நேர் எதிர்கொள்ள வைக்கும். மூன்று நாள்களில் எல்லா மனத்துயரும் தீரும் என்பது நிறுவனத்தின் வாக்குறுதி. சோதனையை நடத்தும் கணினி, அதை வடிவமைத்த மருத்துவரின் தாயைப் போல உருவாக்கப்பட்டது. அந்த மருத்துவருக்கும் தாய்க்கும் இடையே நெடுநாள் பகை. சிகிச்சை தருபவர்களும் குடும்பக் காயத்திலிருந்து தப்பவில்லை என்பதே தொடரின் கிண்டல்.

மூன்று நாள் மாத்திரை சாத்தியமா?

இல்லை. மனச்சிதைவு நோய்க்கு முதன்முதலாகப் பயன் தந்த மருந்தான குளோர்புரோமசின் 1952ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. அன்றுமுதல் வந்த மருந்துகள் பிரமைகளையும் மாயக் குரல்களையும் பெருமளவு கட்டுப்படுத்துகின்றன. ஆயினும் முழுப் பயன் தெரிய வாரங்கள் ஆகலாம்; பலருக்கு நீண்டகாலத் தொடர் சிகிச்சை தேவைப்படுகிறது.

அதிர்ச்சி நினைவை மீண்டும் எதிர்கொள்ள வைப்பது கற்பனை அன்று. அது உளச்சிகிச்சையில் உள்ள முறையே. ஆனால், அது பயிற்சி பெற்றவரின் துணையுடன் பல வாரங்கள் படிப்படியாக நடப்பது. ஆனியைப் போல ஒருவர் தாமாகவே அந்த நாளுக்குத் திரும்பத் திரும்பச் செல்வது சிகிச்சை ஆகாது. இந்த வேறுபாட்டைத் தொடரும் உணர்ந்தே காட்டுகிறது.

குடும்பம்தான் நோய்க்குக் காரணமா?

பிள்ளைக்கு மனச்சிதைவு நோய் வருவதற்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்ற கருத்து கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை நாட்டு மருத்துவர்களிடையே செல்வாக்குடன் இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. மரபணு, கருவில் இருக்கும்போது ஏற்படும் பாதிப்புகள், சிறுவயதுத் துன்பங்கள், கஞ்சா போன்ற போதைப் பொருள்கள் எனப் பல காரணிகள் சேர்ந்தே நோய் உருவாகிறது என்பதே இன்றைய புரிதல்.

பரம்பரை குறித்த அச்சத்தை மற்றொரு தொடர் நேரடியாகக் கையாண்டது. அமேசான் தளத்தில் 2019ஆம் ஆண்டு வெளியான 'அன்டன்' தொடரின் நாயகி ஆல்மா, கார் விபத்துக்குப் பின் இறந்துபோன தந்தையைக் காண்கிறார். காலத்தில் பயணிக்கும் ஆற்றல் தமக்கு உண்டு என்று நம்புகிறார். அவருடைய பாட்டிக்கு மனச்சிதைவு நோய் இருந்தது. ஆல்மாவுக்குக் கிடைத்தது ஆற்றலா, நோயா என்பதை முதல் பருவம் முடிவாகச் சொல்வதில்லை.

'எனக்கும் வந்துவிடுமா?' என்ற அந்தக் கேள்வி திருமணப் பேச்சு நடக்கும் நம் வீடுகளில் குரல் தாழ்த்தி எழுப்பப்படுவது. பொதுவாக நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவோ ஏறத்தாழ ஒருவருக்கோ வாழ்நாளில் இந்நோய் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் பத்து. அதாவது, பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு அது வருவதில்லை. ஒரே மரபணுவைப் பகிரும் இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தாலும், ஏறத்தாழ பாதிப் பேருக்கு மேல் மற்றவருக்கு வருவதில்லை. மரபணு விதியன்று என்பதற்கு இதுவே சான்று.

வீட்டின் சூழல் எவ்வளவு முக்கியம்?

குடும்பம் நோயை உண்டாக்குவதில்லை. ஆனால், நோய் மீண்டும் தலைதூக்குவதில் வீட்டின் சூழலுக்குப் பங்கு உண்டு. இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய ஆய்வுகள் இதை நிறுவின. ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுமீறிய தலையீடு ஆகியவை உள்ள வீடுகளுக்குத் திரும்பிய நோயாளிகளுக்கு நோய் மீண்டும் முற்றுவது அதிகமாக இருந்தது. அத்தகைய உறவினருடன் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகம்பார்த்து இருப்பவர்களுக்கு ஆபத்து மேலும் கூடுகிறது என்று 1976ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறியது. சண்டிகரில் நடந்த ஆய்வில், இந்தியக் குடும்பங்களில் குறைகூறலும் வெறுப்பும் லண்டன் குடும்பங்களைவிடக் குறைவாகவே காணப்பட்டன.

இந்த 35 மணி நேரக் கணக்கை லேபர் கேம்ப்பின் ஓரறை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். சமையலும் உறக்கமும் படிப்பும் ஒரே அறையில் நடக்கும் இடத்தில் அந்த நேரம் இரண்டு மூன்று நாள்களிலேயே கடந்துவிடும். ஓவனின் குடும்பத்துக்கு மாளிகை இருக்கிறது. அவரை அவர்கள் ஒதுக்கி வைக்கிறார்கள். இங்கே விலகி இருக்க இடமே இல்லை. நோயாளிக்கும் ஓய்வில்லை, பராமரிப்பவருக்கும் ஓய்வில்லை. ஆகவே, மருந்துடன் குடும்பத்தினருக்கான ஆலோசனையும் சிகிச்சையின் பகுதியாக வேண்டும் என்று மனநல மருத்துவம் வலியுறுத்துகிறது. கடிந்துகொள்வதைக் குறைப்பது என்பது அன்பு பற்றிய அறிவுரை மட்டுமன்று. நோய் திரும்புவதைத் தடுக்கும் வழியும் ஆகும்.

பெயரில் உள்ள சிக்கல்

இந்நோய்க்கு இன்று வழங்கும் மேலைப் பெயரை 1908ஆம் ஆண்டு சூட்டியவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளூலர். 'பிளவுண்ட மனம்' என்ற பொருள்தரும் கிரேக்கச் சொற்களால் ஆனது அது. தமிழில் வழங்கும் 'மனச்சிதைவு' என்ற சொல்லும் அதே பொருளையே சுமக்கிறது. இதனால் ஒரே உடலில் இரண்டு மனிதர்கள் வாழ்வதே இந்நோய் என்ற தவறான எண்ணம் பரவியுள்ளது.

2005ஆம் ஆண்டு வெளியான 'அந்நியன்', 'சந்திரமுகி' ஆகிய படங்கள் காட்டியது ஆளுமைப் பிளவு; அது வேறு நோய், மிகவும் அரியது. நாகா இயக்கத்தில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' தொலைக்காட்சித் தொடரும் ஆளுமைப் பிளவையே கருவாகக் கொண்டது. 'அந்நியன்' நாயகனும் ஆனியைப் போலவே தங்கையின் சாவைக் கண்டவன். ஆனால், அங்கே உளக்காயம் கொலையாக வெடிக்கிறது. மனநோயாளி என்றால் ஆபத்தானவர் என்ற அச்சத்தை இத்தகைய கதைகள் வளர்க்கின்றன. 'மேனியாக்' அந்த வழியில் செல்லவில்லை என்பது அதன் சிறப்பு. ஓவன் யாருக்கும் தீங்கு செய்பவர் அல்லர்.

'மனம் பிளந்த நோய்' என்ற பொருளில் வழங்கிய பழைய பெயரை ஜப்பான் 2002ஆம் ஆண்டு கைவிட்டது. மனத்தின் ஒருங்கிணைவு குலைதல் என்ற பொருள்படும் புதிய பெயர் அங்கு ஏற்கப்பட்டது. தென் கொரியாவும் பின்னர் பெயரை மாற்றியது. நோயாளியிடமும் குடும்பத்திடமும் நோயின் பெயரைச் சொல்லவே மருத்துவர்கள் தயங்கும் நிலையை மாற்றுவதே இதன் நோக்கம்.

சாட்சியம் செல்லுமா?

தொடரின் இறுதியில் ஓவன் நீதிமன்றத்தில் உண்மையைக் கூறுகிறார். குடும்பத்தின் பார்வையில் அது துரோகம். அவர் மனநோயாளி என்பது அவருடைய சொல்லை மதிப்பிழக்கச் செய்யுமா என்பதே பார்வையாளரின் பதற்றம்.

இந்தியச் சட்டத்தில் இதற்குத் தெளிவான விடை உண்டு. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 118ஆம் பிரிவின்படி, மனநலம் குன்றியவர் என்பதனால் மட்டுமே ஒருவர் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் ஆகிவிடமாட்டார். கேட்கப்படும் கேள்வியைப் புரிந்துகொள்ளவும் பகுத்தறிவுடன் விடையளிக்கவும் அந்நிலை தடையாக இருந்தால் மட்டுமே தகுதி இழப்பார். 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்திலும் இந்த விதி 124ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

யார் முடிவெடுப்பது?

உண்மை சொன்ன ஓவனை அடுத்து மனநல மருத்துவமனையில் காண்கிறோம். அவரைத் தேடி வருவது குடும்பம் அன்று, ஆனி. இருவரும் அங்கிருந்து தப்பிச் செல்வதுடன் கதை முடிகிறது. திரையில் அது விடுதலை. நடைமுறையில் சிகிச்சையைப் பாதியில் கைவிடுவது நோய் திரும்புவதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று.

தப்பிக்காமலே இந்த உரிமையைப் பெற, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழி செய்கிறது. வயதுவந்த எவரும் தமக்கு மனநோய் வந்தால் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தமக்கான பிரதிநிதியையும் அவரே நியமிக்கலாம். அதற்கு வெள்ளைத்தாளில் எழுதிய கையொப்பமோ கைந்நாட்டோ போதும். பிரதிநிதி இரத்த உறவினராக இருக்க வேண்டியதில்லை. ஆனியைப் போன்ற தோழியாகவும் இருக்கலாம்.

நோயாளியின் ஒப்புதலின்றி மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமானால், மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அந்தச் சேர்க்கையும் முதலில் 30 நாள்களுக்கு மேற்படக் கூடாது. முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை இன்று நோயாளி என்று முடிவு செய்யக் கூடாது. சங்கிலியிட்டுக் கட்டுவதற்கும் தடை உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி நேர்ந்த தீவிபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தது நினைவுகூரத்தக்கது.

மும்பைத் தமிழர்கள் அறிய வேண்டிய மற்றொரு விதியும் இச்சட்டத்தில் உள்ளது. நோய், சிகிச்சை குறித்த விவரங்களை நோயாளிக்குப் புரியும் மொழியிலேயே தெரிவிக்க வேண்டும். மராத்தியோ இந்தியோ சரளமாக வராத முதியவருக்கு மகனோ மருமகளோ மொழிபெயர்க்கும்போது, மருத்துவரை எட்டுவது நோயாளியின் சொல்லா, குடும்பத்தின் சொல்லா என்பது தெரியாமல் போகலாம். ஓவனுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே.

எங்கே உதவி பெறலாம்?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கூறியது. நோய்வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் உரிய சிகிச்சை பெறவில்லை என்றும் அது தெரிவித்தது.

லேபர் கேம்ப், தாராவி மக்களுக்கு அருகில் உள்ளது சயான் மருத்துவமனை எனப்படும் லோகமான்ய திலக் நகராட்சிப் பொது மருத்துவமனை. அங்கு மனநலப் பிரிவு செயல்படுகிறது. மத்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் ஆலோசனை வழங்கப்படுகிறது. நோயாளி மட்டுமன்றி, அவரைப் பராமரிக்கும் குடும்பத்தினரும் இந்த எண்ணில் பேசலாம்.