சுகர் இருக்கு... சுகர் போடாதீங்க!

வேளச்சேரி விஜயநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில நின்னு பாருங்க பாஸ்... "மாஸ்டர், எனக்கு சுகர் இருக்கு. சுகர் இல்லாம ஒரு டீ!" ஒரே வார்த்தை, ரெண்டு அர்த்தம்!

சுகர் பக்கா லோக்கல் சரக்குதான். சமஸ்கிருத 'சர்க்கரா' பாரசீகம், அரபுன்னு ஊர் சுத்தி இங்கிலீஷ்ல 'சுகர்' ஆச்சு. திரும்பி நம்மகிட்ட வந்ததும் வியாதிக்கும் அதே பேர். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி, இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு இந்த 'சுகர்'!

இந்தப் பேர்க் குழப்பத்துல நானே மாட்டினேன். இன்சுலின் போட்டுக்கிற என் ஃப்ரெண்டுக்கு ஒருநாள் லேப்ல வேர்த்துக் கொட்டி, கை நடுங்குச்சு. பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்தான். "டேய், உனக்கு சுகர்டா!"னு பிடுங்கிட்டேன். அவன் திட்டின பிறகுதான் புரிஞ்சது. ரத்தத்துல சுகர் 70-க்குக் கீழே இறங்கினா, சர்க்கரைதான் மருந்து!

நினைவோட இருந்தா உடனே மூணு ஸ்பூன் சர்க்கரை கொடுங்க. மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தாம 108-க்கு போன் போடுங்க.

அடுத்த தடவை யாராவது "சுகர்"னு திணறினா, பிடுங்காதீங்க... எந்த சுகர்னு கேளுங்க!